ரப்பர் புழு

அடுப்பருகே வைத்த பிளாஸ்டிக் டப்பா மூடி இன்று உருகிப்போனது. நாற்றம் கூடத்துக்கு எட்டியதும், ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கை ஸ்டெல்லா, "இன்னாக்கா, நைனா வந்துகீறாரா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபதுகளில் நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல்காரன் ஒருவன் கொடுத்த, மெத்தென்ற பிளாஸ்டிக்கால் ஆன ரப்பர் புழுக்களைத் தூண்டிலில் மாட்டித்தான் மீன் பிடிப்பார். மீன் கடித்துப் பிய்ந்தவற்றை, ராயபுரம் வீட்டில் நிறம் பிரித்து உருக்கி, அச்சில் மறுபடி வார்ப்பார். அவர் சிவப்பை ஊற்றியதும், அது ஆறுமுன் இன்னொருவர் பச்சையை ஊற்ற வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒட்டும். அந்த இன்னொருவர் எப்போதும் ஸ்டெல்லாதான்.

"நான் ஊத்தறேன் நைனா" என்று நான் கேட்பேன்.

"உன் கை ஆடும்மே. நீ அடுப்ப விசிறு."

புழு வார்த்தவளுக்குத்தான் மீன்தலை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஞாயிறு பூசையில் முட்டி போட்டு, இன்றைக்கு ஒரு மீனும் கடிக்கக்கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொள்வேன். மாதா கேட்டதே இல்லை. கொடுவாத்தலை ஸ்டெல்லாவின் தட்டுக்கே போகும்.

ஒருமுறை பச்சை சிந்தி அவள் கட்டைவிரல் வெந்தது. நைனா அவளை மடியில் வைத்து விரலை ஊதிக்கொண்டே இருந்தார். நான் அடுப்பை விசிறிக்கொண்டே இருந்தேன்.

இப்போது நான் மூடியைச் சுரண்ட, ஸ்டெல்லா பக்கத்தில் நின்று அந்தத் தழும்பைத் தடவுகிறாள். நைனா போய் எத்தனையோ வருடமாகிறது. எனக்கென்று ஒரு தழும்பைக்கூட அவர் வைத்துவிட்டுப் போகவில்லை.