முதலிலிருந்து எண்ண வேண்டிய ஏழு நாட்கள்

அவனை வெளியே போக விட்டவன் நான். பிறகு கேட்டபோது எனக்குத் தெரியாது என்று சொன்னவனும் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் வைத்தியராக இருந்தேன். ரொறன்ரோவில் அந்தத் தொழிலைத் தொடர முடியவில்லை. ஓய்வுபெறும்வரை, வடதுருவப் பனியில் ஆய்வு முகாம்கள் நடத்தும் ஒரு சிறிய நிறுவனத்தில் சுகாதாரப் பொறுப்பாளராக வேலை பார்த்தேன். முகாமுக்குப் போகிறவர்களை விமான நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டலில், ஆளுக்கொரு அறையில், ஏழு நாட்கள் தனிமைப்படுத்துவோம். தடுப்பூசி, காய்ச்சல், தொண்டை எல்லாம் பார்த்துத்தான் அனுப்புவேன். முகாமில் எல்லோருக்கும் ஒரே சமையல் கூடாரம். பனிக்கட்டியை உருக்கினால்தான் தண்ணீர். ஆகவே கை கழுவுவதில் எல்லோரும் கஞ்சர்கள். ஈரக் கையுறைகள் ஒரே கொடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் காயும். வானிலை கெட்டால் விமானம் வராது. கிருமியைத் தடுப்பதானால் இங்கேயே, அந்த ஹோட்டலிலேயே தடுக்க வேண்டும்.

முகாமின் சமையற்காரன் ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் இருந்தான், எங்கள் ஊர் ஆள். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். தனிமையின் ஐந்தாம் நாள் அறையிலிருந்து போன் எடுத்தான்.

“அண்ணை, முந்தநாள் சித்தப்பா மோசம் போயிட்டார். இண்டைக்குக் கிரியை.”

பிள்ளையில்லாத சித்தப்பா. அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டு வளர்த்தவர்.

“கொள்ளி வைக்க என்னை விட்டா ஆர் அண்ணை இருக்கு? கிரியை முடிஞ்ச கையோட வந்திடுவன்.”

இந்த நாட்டில் கொள்ளி என்பது ஒரு பொத்தானை அழுத்துவதுதான். ஆனால் அழுத்துகிற கை உரிமையுள்ள கையாக இருக்க வேண்டும். ஹோட்டல் நடையில் மேலும் கீழும் நடந்தேன். இரக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதைவிடப் பெரிதாக இருந்தது, ‘உந்த டொக்டர் கொள்ளி வைக்கவும் விடேல்லையாம்’ என்று சனம் கதைக்குமே என்ற பயம். போய்வரச் சொன்னேன்.

“மாஸ்க்கைக் கழட்டாதையும். ஒருதரையும் கட்டிப்பிடிச்சு அழாதையும்.”

“செத்தவீட்டில அழாமல் நிண்டா சனம் என்னண்ணை சொல்லும்?”

“நீர் அழும். தள்ளி நிண்டு அழும்.”

பின்னேரம் திரும்பி வந்தான். மாஸ்க் போட்டிருந்தீரா என்று கேட்டேன்.

“கழட்டேல்லை அண்ணை. பதிகம் படிக்கேக்க மட்டும் கொஞ்சம் இறக்கினனான். மாமிமார் தோளில விழுந்து அழேக்க தள்ளி விடுறதோ?”

நான் சிரித்துவிட்டேன். வெளியே போய் வந்தவனுக்கு ஏழு நாட்களையும் முதலிலிருந்து எண்ண வேண்டும். நானே எழுதிய விதி அது. எண்ணினால் விமானம் சமையற்காரன் இல்லாமல் போகும். ஏன் என்று நான் சொல்ல வேண்டி வரும். விட்ட இடத்திலிருந்தே எண்ணினேன்.

பனிக்குப் போய்ச் சேர்ந்த சில நாட்களில் அவனுக்குத் தொண்டை நொந்தது. வறண்ட காற்று என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் சூப் அள்ளி ஊற்றியிருக்கிறான். இன்புளுவென்சா. முகாமில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு, ஐம்பதைத் தாண்டியவர், நெஞ்சில் சளி இறங்கி நிமோனியாவானது. புயல், விமானம் போக முடியவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினேன். அவர் பிழைத்தார். நுரையீரல் பழையபடி ஆகவில்லை. அவரால் பிறகு பனிக்குப் போகவே முடியவில்லை.

விசாரணையில் அவன், தானாகவே களவாக வெளியே போனதாகச் சொன்னான். என் பெயரைச் சொல்லவில்லை. என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் ஓய்வுபெற்றபோது எனக்குக் கேக் வெட்டிப் பிரியாவிடை செய்தார்கள்.

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நான் குடியிருக்கும் பார்க்டேலில், தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் ஏறி, கடைசித் தரிப்பிடம்வரை போய், அதிலேயே திரும்பி வருவேன். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் பாதியில் இறங்கி, நிறுவனத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்து, நகரின் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் ஜெனரேட்டர் பார்த்த அந்தப் பெண் இருக்கும் மாடிக்குப் போய் அவரிடமும் சொன்னேன். யன்னலோரம் இருந்து கேட்டார்.

“வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சமையற்காரர் எனக்கு சூப் கொண்டு வருகிறார்,” என்றார் ஆங்கிலத்தில். “அது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. இம்முறை உண்மையாகவே தெரியாது.

நிறுவனம் அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டது. அவன் போகவில்லை. போனில் என்னைத்தான் கூப்பிட்டான்.

“ஏன் அண்ணை போய்ச் சொன்னனீங்கள்? நீ ஒரு பிழையும் செய்யேல்லை, இனி சூப் கொண்டு வராதை எண்டிட்டா அவ.”

“உம்மில பிழை இல்லைத்தானே தம்பி.”

“தொண்டை நோகேக்க வாயைத் திறக்காமல் அகப்பை பிடிச்சது ஆர்? நீங்களோ? என்ர பிழையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிட்டீங்கள்!” மூச்சு வாங்கினான். “இனி நீங்களே கொண்டு போங்கோ. நான் காய்ச்சித் தாறன்.”

அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை அவன் காரில் வந்து, என் கட்டட வாசலில் பையைத் தருவான். பேசமாட்டான். அந்தப் பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வாங்குவார். அவரும் பேசமாட்டார்.

போன வெள்ளிக்கிழமை அவருடைய கட்டட லிஃப்டுக்கு முன்னால் நிற்கும்போது தொண்டை கரகரத்தது. ஒரே ஒரு தடவைதான். லிஃப்ட் திறந்தது, மூடியது. வெளியே வந்து அவருக்குப் போன் செய்தேன்.

“தொண்டை சரியில்லை. மேலே வரமாட்டேன்.”

போனில் அவருக்கு மூச்சு இழுத்தது.

“சூப்பைத் திருப்பிக் கொண்டு போங்கள்,” என்றார். பிறகு, “எப்போது வருவீர்கள்?”

இதுவரை அவர் அப்படிக் கேட்டதில்லை.

“சுகமாகி ஏழு நாள் கழித்து.”

“இடையில் ஒரு இருமல் வந்தாலும் முதலிலிருந்து எண்ணுங்கள்.”

ஸ்ட்ரீட்கார் வந்தது. உள்ளே நெருக்கமாகச் சனம். நான் ஏறவில்லை. சூடு ஆறாத பையோடு பார்க்டேல் பக்கம் நடக்கத் தொடங்கினேன்.