நான் விழவில்லை

பின்னங்கால்களைப் பிடித்து முயலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, உள்ளங்கையின் ஓரத்தால் அதன் பிடரியில் ஓங்கி ஒரு அடி. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, காய்கறி கழுவும் கொட்டகை வாசலில் நான் அவரை அப்படித்தான் கண்டேன். எண்பதைத் தாண்டிய கிழவி. கறுப்புச் சட்டை, ஆம்பிளைச் சப்பாத்து. துடிப்பு அடங்கிய முயலை மேசையில் கிடத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பின்னால் நகர்ந்திருந்தேன். வன்னியின் கடைசி நாட்களில் மனிதர்கள் மீது கால் வைத்து ஓடி வந்தவன், ஒரு முயலைக் கண்டு பின்வாங்கி நின்றேன்.

மெல்பேர்னுக்கு மேற்கே, வெரிபீக்குத் தெற்கில், கடலை ஒட்டிய தட்டை நிலம் அது. அங்கே பல தோட்டங்களை இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள்தான் செய்கின்றன. படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, 2012இல் தற்காலிக விசாவோடு வெளியே விடப்பட்ட எனக்கு அங்கே கோலிபிளவர் வெட்டும் வேலை கிடைத்தது. அருகிலுள்ள ட்ருகனினாவில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தோம். எங்களில் மூத்தவரான வவுனியா அண்ணைதான் விடியக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். தோட்டத்தை நடத்தியவர் கிழவியின் மூத்த மகன். நிலம் கிழவியின் பெயரில் இருந்தது. பேரப்பிள்ளைகள் அழைக்கிற மாதிரியே வேலைக்காரர்களும் அவரை நொன்னா என்றோம். அவர்கள் மொழியில் அது அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் பொதுவான பெயர்.

நொன்னாவுக்கும் எனக்கும் இருந்தது அரைகுறை ஆங்கிலம். இரண்டு அரைகுறைகளும் எப்படியோ ஒன்றையொன்று விளங்கிக்கொண்டன; அதை இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன். கொட்டகை மேசையில் எனக்கு எதிரே நின்று கோலிபிளவர் இலைகளைக் கத்தியால் தறித்தபடி அவர் தன் கதையைச் சொல்லுவார். தெற்கு இத்தாலியில், கலாப்ரியாவில் ஒரு மலைக் கிராமம். தகப்பன் பண்ணையார் தோட்டத்தில் ஒலிவ் பொறுக்கியவர். “மரத்திலயிருந்து இல்லை, நிலத்தில விழுந்து கிடந்தது,” என்று கத்தியை நீட்டிச் சொன்னார். “காவல்காரன் தடியால அடிச்சான். நான் பக்கத்தில நிண்டனான். காதால ரத்தம் வந்தது. ஆள் முடிஞ்சுது. அம்மா நீதிபதியிட்டப் போய், கல்லில விழுந்து செத்தவர் எண்டு சொன்னா. வீடும் பண்ணையாரின்ர. அப்பிடிச் சொல்லாட்டி எங்களுக்கு இருக்க வீடில்லை.” பிறகு யுத்தம் வந்தது. குண்டு விழுந்த தேவாலயத்தின் இடிபாட்டைக் கையால் கிளறித் தங்கச்சியின் உடலை எடுத்திருக்கிறார். ஒரு சப்பாத்து மட்டும் கிடைக்கவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் குரல் கொஞ்சம் இறங்கும்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை அவுஸ்திரேலியாவில் இருந்தார். தேவாலயத்தில் அவருக்குப் பதிலாக அவருடைய தமையன் நின்று மோதிரம் போட்டுவிட்டார். கப்பலிலிருந்து இறங்கிய பிறகுதான் கட்டியவரின் முகத்தை நேரில் கண்டிருக்கிறார். முதல் கிழமையிலேயே இடுப்புப் பட்டியால் அடி. பல்லுப் போனது, விலா உடைந்தது, வயிற்றிலிருந்த பிள்ளை ஒன்று போனது. ஒவ்வொரு தடவையும் வைத்தியரிடம், படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். “எங்கட வீட்டில படியே இல்லை,” என்று சொல்லிச் சிரித்தார். “அதே டொக்டர் எங்கட வீட்டுக்கு வந்தும் இருக்கிறார்.” கடைசியில் வாய்க்கால் ஓரத்தில் உழவு இயந்திரம் புரண்டு அந்த மனிதரை நசுக்கியது. “அண்டைக்கு நான் ரெண்டு தட்டுப் பாஸ்தா சாப்பிட்டனான்.” சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் தலையைக் குனிந்து இலையைத் தறித்தேன்.

மூத்த மகனுக்குத் தகப்பனின் கை. வாளிகளை உதைப்பார், நாயை அடிப்பார், வேலைக்காரர்களின் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுக்குவார். கோடை உச்சத்தில் ஒருநாள் தண்ணீர்ப் பம்பு நின்றுபோனது. மத்தியானத்துக்குள் புதிதாக நட்ட கன்றுகள் எல்லாம் சுருண்டு படுத்துவிட்டன. வால்வைப் பூட்டியது நான்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் அதன் பக்கமே போகவில்லை. விளங்கப்படுத்த வாய் திறப்பதற்குள் மகனின் கையிலிருந்த தடித்த பிளாஸ்டிக் குழாய் என் தோளில் இறங்கியது. சேற்றில் விழுந்தேன். பிறகு முதுகு, தொடை, மீண்டும் அதே தோள். நான் கையை ஓங்கவில்லை, ஓடவுமில்லை. யுத்தம் முடிந்து பிடிபட்ட பிறகு ஓர் அறையில் என் உடம்பு பழகிக்கொண்டதை அது தானாகவே செய்தது. முழங்காலை மடித்துத் தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டேன். “விடுங்கோ! செத்திடுவான்!” என்று அண்ணை கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது.

நொன்னா பாத்திகளை மிதித்துக்கொண்டு வந்தார். அவர் ஓடி நான் கண்டதில்லை. அன்றும் நடந்துதான் வந்தார். எனக்கும் மகனுக்கும் நடுவில் வந்து கையை உயர்த்தினார். ஓங்கிய குழாய் அந்தக் கையில் விழுந்தது. வேலைக்கு வந்த முதல் நாள் முயலின் பிடரியில் கேட்ட அதே சத்தம். அவர் கத்தவில்லை. தொங்கிப்போன கையை மறுகையால் தாங்கிக்கொண்டு மகனைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னார். மகனின் பெயரில்லை. செத்துப்போன தகப்பனின் பெயர். குழாய் சேற்றில் விழுந்தது.

நொன்னாவின் மகள்தான் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணை என் காதுக்குள் சொன்னார்: “தம்பி, வாயைத் திறந்திடாத. பொலிஸ் வந்தா விசா போச்சு. வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லு, என்ன?” வழி முழுக்க மகளும் அழுது அழுது அதையே தாயிடம் கேட்டார். “அம்மா, அண்ணாவை உள்ளுக்குப் போடுவாங்கள். விழுந்திட்டன் எண்டு சொல்லுங்கோ.” நொன்னா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இளம் வைத்தியர் ஒருத்தி வந்து என்ன நடந்தது என்று கேட்டார். “விழுந்திட்டா,” என்றார் மகள்.

“நான் விழேல்லை,” என்றார் நொன்னா. “என்ர மகன் அடிச்சவன். இவனையும் அடிச்சவன். எழுது.”

எனக்கு அவர்மேல் கோபம் பொங்கியது. அவர் இந்த நாட்டுப் பிரசை. என்னை எந்த நேரமும் திருப்பி அனுப்பலாம். வைத்தியர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பழைய அறையில் அவர்கள் கேட்டதற்கெல்லாம் ஓம் என்று தலையாட்டியவன் நான். நொன்னா என்னைக் கெஞ்சவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஓம்,” என்றேன். “என்னையும் அடிச்சவர்.”

பொலிஸ் வந்தது. மகனைக் கொண்டு போனார்கள். பிறகு அவரை வெளியே விட்டு, தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. விசாவைப் பற்றி ஒருவரும் வந்து கேட்கவில்லை. ஆனாலும் பல வாரங்கள் வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டால் யன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன். தோட்டத்தை மகள் பொறுப்பேற்றார்; நான் அங்கேயே நின்றேன். தண்டனையை அனுபவித்தது நொன்னாதான். பெற்ற மகனைப் பொலிசுக்குக் கொடுத்தவள் என்று சொந்தக்காரர் வருவதை நிறுத்தினார்கள். தேவாலயத்தில் அவர் இருந்த மர வாங்கில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை என்று மகள் சொன்னார். கை சரியாகப் பொருந்தவில்லை, கத்தி பிடிக்க முடியவில்லை. ஒற்றைக் கையால் தக்காளிக் குழம்பு காய்ச்சிப் போத்தலில் அடைத்து ஞாயிறுதோறும் மகனுக்கு அனுப்புவார். மூடி திறக்காமல் போத்தல் திரும்பி வரும். அவர் கதிரையில் இருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அடுத்த ஞாயிறும் அனுப்புவார்.

2013 குளிர்காலத்தில் நொன்னா இறந்தார். பெட்டி தூக்க ஆள் குறைந்தது. என்னைக் கேட்டார் மகள். எனக்கு நேர் எதிர்ப்பக்கம் மூத்த மகன். அடிபட்ட தோளில் பெட்டியின் பாரம் ஏறியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். குழியடியில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. அடிப்பாரோ என்று என் உடம்பு ஒருகணம் இறுகியது.

“கடைசியா என்னைப் பற்றி என்ன சொன்னவ?” என்று கேட்டார்.

“ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்காகச் சமைச்சவ. அழுதவ,” என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன். “ஆனா, சொன்னதை மாத்தேல்லை.”

அவர் மண் வைத்திருந்த சின்னத் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துக் குழிக்குள் போட்டுவிட்டு, தட்டை என் பக்கம் நீட்டினார்.