வரேல்லை என்ற சொல்

எங்கள் அலுவலகம் கொக்குவிலில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. அங்கே இரண்டு பேர் இருந்து, செயற்கை நுண்ணறிவு ஏஜென்டுகளுக்கு அவற்றின் கருவிகளைப் பற்றி எழுதிக் கொடுக்கிறோம். வருகிற மெசேஜை ஏஜென்ட் தானே படித்து, தன்னிடமுள்ள கருவிகளில் ஒன்றை எடுத்து வேலையை முடித்துவிடும். எந்தக் கருவியை எப்போது எடுக்கலாம், எப்போது தொடவே கூடாது என்பதை நாங்கள் எழுதும் நாலு வரியை வைத்துத்தான் அது தீர்மானிக்கும். சொந்தக்காரருக்கு இதை விளங்கப்படுத்தி நான் களைத்துவிட்டேன். கம்பியூட்டர் வேலை என்று சொல்லிவிட்டுப் போவதே சுகம்.

மற்றவர் உடுப்பிட்டிக்காரர், என்னைவிட மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சுருக்கமாக எழுதுவதில் அவருக்கு ஒரு வெறி. நான் ஒரு கருவிக்கு அரைப்பக்கம் எழுதினால், "உது கலியாணக் காட் இல்லைப் பிள்ளை, சுருக்கும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் தனியார் நிலையம் ஒன்றுக்கு ஏஜென்ட் செய்து கொடுத்திருந்தோம். நோயாளருக்கு முறை பதிவது, அவரைக் கூட்டிவர வான் வண்டி அனுப்புவது, வராதவரின் முறையை ரத்துச் செய்து அந்தக் கட்டிலைக் காத்திருப்பவருக்குக் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. ரத்துக் கருவிக்கான வரியை அண்ணை எழுதினார்: "வரவில்லை என்று நோயாளர் சொன்னால் பயன்படுத்தவும்." அவ்வளவுதான்.

ஏஜென்ட் வேலைக்கு வந்த முதல் கிழமை, ஒரு காலையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "இன்னும் வரேல்லை."

ஏஜென்ட் உடனே ரத்துக் கருவியை எடுத்தது. போய்க்கொண்டிருந்த வானுக்குத் திரும்பிவரச் சொல்லிச் செய்தி போனது. கட்டில் வேறொருவருக்குப் போனது. "உங்கள் முறை ரத்துச் செய்யப்பட்டது, நன்றி" என்று மரியாதையாகப் பதிலும் போனது.

எங்கள் பேச்சில் வரவில்லைதான் வரேல்லை. நான் வரேல்லை என்றால் நான் வரமாட்டேன். வான் வரேல்லை என்றால் வான் இன்னும் வந்து சேரவில்லை. பிறந்ததிலிருந்து இரண்டுக்கும் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்கிறோம், ஒருநாளும் தடுமாறியதில்லை. தடுமாறாத காரணத்தால்தான் அது எழுதும்போது உறைக்கவே இல்லை.

அந்த இலக்கத்துக்கு அழைத்தேன். நோயாளரின் மகள் எடுத்தார்.

"வான் இன்னும் வரேல்லை எண்டுதானே போட்டனான்? ஏன் ரத்தாக்கினியள்? அப்பாவுக்கு மூச்சு முட்டுது. சரிஞ்சு படுக்கக்கூட ஏலாமல் இருக்கிறார்."

"ஓட்டோ பிடிச்சு உடனை வாங்கோ அக்கா."

"கட்டில் இருக்கோ?"

"வாங்கோ" என்றேன். இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

நிலையத்துத் தாதிக்கு அழைத்தேன். "அந்தக் கட்டிலிலை ஆளை ஏத்தியாச்சு, இனி இறக்கேலாது" என்றார். "ஐயா வரட்டும், டொக்டர் பாக்கட்டும். வழியிலை மூச்சு முட்டுறது கூடிச்செண்டால் நேரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்கோ."

பின்னால் நின்ற அண்ணை, "உந்த ஏஜென்டுக்கு மூளை இல்லையோ" என்று தொடங்கினார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். ஏஜென்டை நிறுத்தினால் மற்ற நோயாளரின் வான்களும் நின்றுவிடும். ஓட்டோ வந்துகொண்டிருக்கும்போதே அந்த வரியை மாற்றவேண்டியிருந்தது.

"வரேல்லை என்று வந்தால் ரத்துச் செய்ய வேண்டாம்" என்று அண்ணை அவசரமாகத் தட்டினார். "காய்ச்சல், இண்டைக்கு நான் வரேல்லை" என்று எழுதிச் சோதித்தேன். இப்போது ஏஜென்ட் பேசாமல் இருந்தது. அப்படியே விட்டால் வான் வீணாகப் போகும், ஒரு கட்டில் வெறுமையாகக் கிடக்கும், அதற்கு ஏங்கும் ஒருவர் வீட்டில் மூச்சு முட்டிக்கொண்டிருப்பார். "தள்ளுங்கோ அண்ணை" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டேன்.

"இன்று சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று நோயாளர் தெளிவாகச் சொன்னால் மட்டும் பயன்படுத்தவும். யாழ்ப்பாணத்தில் வரேல்லை என்றால் வரமாட்டேன் என்றும் பொருள், இன்னும் வந்து சேரவில்லை என்றும் பொருள். யார் வரவில்லை என்பது தெரியாவிட்டால் திருப்பிக் கேட்கவும். வான் வராவிட்டால் வானைத் தேடும் கருவியை எடுக்கவும். ரத்துச் செய்தால் கட்டில் உடனே வேறொருவருக்குப் போய்விடும், அதைத் திரும்பப் பெற முடியாது."

அண்ணை ஒரு சொல்லும் வெட்டவில்லை. இருவரும் மாறி மாறி எழுதிச் சோதித்தோம். யார் வரவில்லை என்று ஏஜென்ட் திருப்பிக் கேட்டது. ஆனால் ஓட்டோ எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை, மகள் போனை எடுக்கவுமில்லை. வாயைத் திறந்தால் அண்ணையுடன் சண்டை வரும் என்று நான் ஜன்னலடியில் நின்றேன்.

மத்தியானம் கடந்து மகளே அழைத்தார், போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஒக்சிசன் கொடுத்து வைத்திருந்து, அடுத்த கட்டில் வெறுமையானதும் அப்பாவை ஏற்றியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உதுக்குத் தமிழ் விளங்காதோ?" என்று கேட்டார். "ஆர் உதை எழுதினது?"

நான் வாய் திறக்குமுன் அண்ணை போனை வாங்கினார்.

"நான்தான் தங்கச்சி. அதுக்குத் தமிழ் விளங்கும். நான்தான் ஒழுங்காச் சொல்லேல்லை."

"இப்ப சொல்லிப்போட்டியளோ?"

"ஓம்."

"நல்லது. ஆனால் நான் இனி அதிலை எழுதமாட்டன். போன்தான் எடுப்பன்."

சொன்னபடியே செய்தார். ஏஜென்ட் இப்போது நன்றாகத்தான் வேலை செய்கிறது, மற்றவர்கள் அதற்குத்தான் எழுதுகிறார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு முறைக்கும் தாதிக்கு அழைத்து, அப்பா வருவார், கட்டிலை ஒருவருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்.