எஞ்சினுக்கு எண்ணெய்க் குளியல்

தங்கையன் மேஸ்திரி இறந்துபோன செய்தி இரணியல் நெல்லரவை மில்லுக்கு வந்தபோது மத்தியானம் பன்னிரண்டு மணி. கோட்டாற்றிலிருந்து வந்த வண்டிக்காரர் சகாயம் சொன்னார். மில்காரர் வைகுண்டராஜன் உடனே எஞ்சினை நிறுத்தினார். அந்த வேளையில் அது நிற்பதே இல்லை. அவர் மனைவி பூங்கனி என்னவோ ஏதோவென்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

அந்த எஞ்சின் ஓடுவதே மேஸ்திரியால்தான். ஐம்பத்தொன்றில், கன்னிப்பூ நெல் அறுப்பு தொடங்கிய வாரத்தில், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இரும்பு வார்ப்பு ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டுவிட்டது. புது வார்ப்பு கப்பலில் வரவேண்டும். அதற்குள் நெல்லெல்லாம் தக்கலை மில்லுக்குப் போய்விடும், போனால் திரும்பாது. மில்லை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

உடைந்த வார்ப்புகளை அடைப்பதுதான் தங்கையன் தொழில். கோட்டாற்றில் அவருக்குப் ‘பல் டாக்டர்’ என்று பெயர். இரும்புத் தூளும் கந்தகமும் நவச்சாரமும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அந்தக் கறுப்புப் பசையை விரிசலுக்குள் உளியால் இடித்து இறுக்கினார். யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பூங்கனி பார்த்தால், பசை முழுக்கச் செந்துரு. பதறிப்போனாள். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் செய்வதுபோல், துருவைத் துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெயை ஊறத் தேய்த்தாள்.

மாலையில் மேஸ்திரி விரல் வைத்ததும் பசை பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் விரலை முகர்ந்து பார்த்தார். வைகுண்டராஜன் மனைவியைத் திட்ட வாயெடுத்தார், மேஸ்திரி கையமர்த்தினார்.

“ஏன் மைனி, எஞ்சினுக்குத் தலைக்கு எண்ணெ தேச்சு வுட்டியளா?”

“துரு புடிச்சா கேடுல்லா?”

“இதுக்குத் துருதான் உசுரு. துரு புடிச்சாத்தான் இறுகும். சரி, எண்ணெ தேச்சாச்சு. சீயக்காய எடுங்க, குளிப்பாட்டுவோம்.”

வேடிக்கை என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ வெந்நீரும் சீயக்காயும் விட்டுப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவினார். காயவைத்து மறுபடி பசை திணித்தார். அது துருவேறி இறுகும்வரை பூங்கனி வாசலில் நின்று நெல்வண்டிகளை மறித்தாள். வந்தவர்களுக்கெல்லாம் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, எஞ்சின் குளித்துக்கொண்டிருக்கிறது, இப்போது வந்துவிடும் என்றாள். சிரித்த சிரிப்பில் ஒரு வண்டியும் தக்கலைக்குப் போகவில்லை. எஞ்சின் ஓடியபோது ஒரு சொட்டும் கசியவில்லை.

பிறகு அறுப்புக்கு அறுப்பு மேஸ்திரி வந்தார். அடைப்பு புடைத்து நின்ற இடத்தை அரத்தால் ராவிச் சமமாக்கிப் பெயின்ட் அடிக்கத்தான் வருவார். காப்பியும் பேச்சுமாய்ப் பொழுது போய்விடும். இத்தனை அறுப்பில் பாதி நீளத்தைத்தான் ராவியிருக்கிறார். மீதி இன்னும் புடைப்பாகவே இருக்கிறது.