மூச்சுக் குறைந்த மண்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். ஈர மண்ணை ஒரு பாட்டிலில் போட்டு, உள்ளே காரக் கரைசல் ஊற்றிய சின்னக் குப்பியை வைத்து இறுக மூடுவேன். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயுவை அந்தக் கரைசல் இழுத்துக்கொள்ளும். சில நாள் கழித்து அதை அளந்தால் மண் எவ்வளவு மூச்சு விட்டது என்று தெரிந்துவிடும்.

ஒருமுறை, ஒரு ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து, பல வருடமாக யூரியா மட்டுமே போட்ட பாத்தியின் மண் வந்தது. மண்ணே போடாத வெறும் பாட்டிலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மண்ணைக் காயவிட்டுக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பெண்ணை இப்படியொரு தவறுக்காகத்தான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் மறுபடி செய்து பார்த்தேன். அப்போதும் அப்படியேதான் வந்தது. வேறு வழியில்லாமல், கூடத்தைப் பார்த்துக்கொண்ட மேடத்திடம் போய் நின்றேன்.

இரண்டு முறையும் நான் அளவு எழுதிய தாள்களை அவர் பார்த்தார். "நீ தப்பு பண்ணலம்மா. அந்த மண்ணே அப்படித்தான்" என்றார். தொழு உரமும் சேர்த்துப் போட்ட பக்கத்துப் பாத்தி நன்றாக மூச்சு விடுவதை அதன் அளவுகளில் காட்டினார். யூரியா மட்டும் போட்டதில் மண் அமிலமாகி, மக்கிய இலைதழையிலிருந்து சேர்ந்த கரிமமும் குறைந்துகொண்டே வந்திருந்தது.

வேலை போகாது என்று தெரிந்தும் பயம் போகவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் அக்கா வீட்டுக்காரர் குத்தகை நிலத்தில் ரோஜா போட்டிருந்தார். அவரும் யூரியாவைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் தங்கியிருந்த ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் பிடித்துப் போய் மண் எடுத்து வந்தேன். அதையும் பாட்டிலில் அடைத்து அளந்தேன். அந்தப் பாத்தி அளவுக்கு மோசமில்லை. ஆனால் அதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"மண்ணு செத்துப்போச்சா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா. மூச்சு இருக்கு. கம்மியா இருக்கு."

மேடம் சொன்னபடி யூரியாவைக் குறைத்து, சாணி எருவும், அமிலம் தணியச் சுண்ணாம்பும் போட்டார். முதல் பருவத்தில் பூ குறைந்தது. அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். என் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பமே கெட்டுவிடுமோ என்று அந்தப் பக்கம் போகவே பயந்தேன்.

அடுத்த வருடம் பூ பழையபடி வந்தது. அக்காவும் பேசினாள். மண் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக மூச்சு விட்டது. கரிமம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அது ஏற எத்தனை வருடம் ஆகும் என்று மாமா கேட்டார். பத்து வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றேன்.

அவருடைய குத்தகை இன்னும் மூன்று வருடத்துக்குத்தான் இருந்தது.