ஒரே ஒரு முழு ரவுண்டு

டயர் கடைக்காரனுக்கு எல்லா வண்டியும் நிற்கும்போதுதான் பழக்கம். ஓட ஆரம்பித்துவிட்டால் அது அடுத்தவர் சொத்து. பஞ்சர், பேலன்ஸிங், அலைன்மென்ட் என்று குனிந்து குனிந்தே முதுகு வளைந்த சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

என் கடை ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறது. ஊருக்கு வெளியே, பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒருவர் சொந்த நிலத்தில் தார் போட்டு ரேஸ் ட்ராக் வைத்திருக்கிறார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஆசை தீர ஓட்டலாம். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. டயர் வேலைக்கு நானும் என் கடையில் வேலை செய்யும் பாபுவும் போவோம். அங்கே கால் வைத்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஏக்கம்: என் பழைய ஜென் காரில் ஒரு முழு ரவுண்டு போய்விட வேண்டும்.

எலுமிச்சம்பழம்

ட்ராக்கில் விடுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார்கள். தொங்குவது, உருளுவது எதுவும் இருக்கக் கூடாது. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மோகன் புது வண்டியோடு வந்தார். நாலு சக்கரத்துக்கும் பழம் நசுக்கி, பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டி, கண்ணாடியில் மூன்று கோடு பட்டையும் போட்டு அனுப்பியிருந்தார் அவர் மனைவி.

சோதிக்கிறவர் பம்பரில் தொங்குவதை அவிழ்க்கச் சொன்னார். மோகன் அசையவே இல்லை. பின்னால் வரிசை நீண்டு ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கடைசியில் மோகன் ஒரு நியாயம் கேட்டார்: "சீட் பெல்ட்டும் சேஃப்டிக்குத்தான் சார், இதுவும் சேஃப்டிக்குத்தான். ஒண்ண மட்டும் அவுக்கச் சொன்னா எப்டி சார்?"

வெள்ளைக் கோடு

பிரவீன் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டுக்காரன். தினமும் மாரிகுப்பம் ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். லோன் போட்டு வாங்கிய கார் வாரம் முழுக்க வாசலில் கவர் போர்த்தித் தூங்கும். ட்ராக்கில் வளைவெல்லாம் சீறிக்கொண்டு போனான். ஆனால் நேர் ரோட்டில், ரவுண்டு ஆரம்பிக்கிற வெள்ளைக் கோடு வந்ததும் ஒவ்வொரு தடவையும் பிரேக் போட்டு ஊர்ந்தான். பின்னால் வந்தவர்கள் அவன் பரம்பரையையே திட்டினார்கள்.

பிரேக்கில்தான் கோளாறு என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. 'ஏம்ப்பா அங்கே மட்டும் அமுக்குகிறாய்?' என்று கேட்டேன். என்ன செய்வது என்று கன்னடத்தில் ஆரம்பித்தான். "ஏன் மாடோது அங்கிள், பெங்களூர்ல கோடு போட்டிருந்தா ஹம்ப்பு, போடலன்னாலும் ஹம்ப்பு. கால் தானா போவுது!"

சூடு

ஓட்டிவிட்டு வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை நனைந்த கோழி மாதிரி இருக்கும், கண் மட்டும் மின்னும். 'அந்த மூணாவது வளைவு இருக்கே...' என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு மேல் வார்த்தை வராது, கையை மட்டும் வளைத்துக் காட்டுவார்கள். நானும் தலையாட்டுவேன். அந்த வளைவை வேலிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் நான் டயரில் கை வைத்துப் பார்ப்பேன். காற்று சரிபார்க்க மீட்டர் இருக்கிறது, கை வைக்க அவசியமே இல்லை. ஆனாலும் எனக்குக் கிடைப்பது அந்தச் சூடு ஒன்றுதானே. வயிற்றெரிச்சல் என்று சொன்னாலும் சரி, ஏக்கம் என்று சொன்னாலும் சரி. பாபுவின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. "இன்னாண்ணா, டயரத் தடவுறியா, கொழந்த கன்னத்தத் தடவுறியா?"

என் முறை

போன மாதம் ட்ராக் சொந்தக்காரரிடம் கூலி வேண்டாம், கடைசி பேட்ச்சில் என்னையும் சேர்த்துவிடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே சேர்த்தார். பாபு என் ஜென்னைத் துடைத்துத் துடைத்துப் பெயின்ட்டையே எடுத்துவிடுவான் போலிருந்தது. இரவல் ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. கொடி அசைந்தது. நேர் ரோட்டில் அழுத்தினேன் பாருங்கள், எதிரே மாடு இல்லை, ஆட்டோ இல்லை, பள்ளம் இல்லை. இத்தனை வருஷம் எனக்கு முதுகைக் காட்டிய ரோடு முதல் தடவையாக முகத்தைக் காட்டியது. வாய்விட்டுக் கத்தினேன். அழுகையும் வந்தது.

இரண்டாவது வளைவில் மோகனின் வண்டி ஓரங்கட்டி நின்றது. பின் டயர் வெடித்திருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கையை ஆட்டினார். நின்ற வண்டியைக் கண்டால் யாரும் நிற்கக் கூடாது, மீட்க ஆள் வரும் என்று காலையிலேயே படித்துப் படித்துச் சொன்னதுதான். எல்லாம் தெரியும். ஆனால் பங்காரப்பேட்டை ரோட்டில் ஒரு பஞ்சரையும் தாண்டிப் போகாத கால், பிரேக்கை மிதித்துவிட்டது. இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்து ஜாக்கியோடு நின்றபோதுதான் கொடிக்காரர் எனக்குக் கறுப்புக் கொடி காட்டுவது தெரிந்தது. அன்றைக்கு என் ஓட்டம் அவ்வளவுதான். மூன்றாவது வளைவு கூப்பிடு தூரத்தில் இருந்தது. மோகன் தலையில் அடித்துக்கொண்டார்: "நான் இன்னா ஜாக்கியா கேட்டேன்? நிக்காத, போ போன்னுதானேண்ணா கைய ஆட்டினேன்!"

பஞ்சரான வண்டியைக் கண்டும் காணாமல் போகக் கற்றுக்கொண்டால் நானும் ஒருநாள் முழு ரவுண்டு போய்விடுவேன், ஆனால் அப்படிக் கற்றுக்கொண்ட டயர்க்காரனை நம்பி நீங்கள் யாராவது வண்டியை விடுவீர்களா?