நீலப் பெட்டிக் குளிசை

அக்கா வீடியோவில் அழைத்தபோது நான் வேலை முடிந்து ஐரோப்பாவில், பிராண்டே ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அவளும் அத்தானும் இருப்பது கரிபியன் கடலில், வரைபடத்தில் ஒரு ஈ குந்தினால் மறைந்துபோகும் தீவு நாட்டில். அங்கே கணக்கு வாத்தியாராக இருக்கும் அத்தான் ஒரு கிழமையாகப் பிரஷர் குளிசையைத் தொடவில்லையாம். தலை சுற்றுதாம்.

"பெட்டி மாறிப்போச்சு" என்றார் அத்தான். "அக்கம்பக்கத் தீவுகள் எல்லாம் சேர்ந்து மருந்துகளைச் சோதிச்சுப் பார்க்கப் பொதுக் கந்தோர் ஒண்டு வைச்சிருக்கினம். அவை ஓம் எண்டால் எல்லாத் தீவிலையும் அந்த மலிவுக் குளிசைதான். எங்கட தீவு தனியாப் பார்க்கேல்லை."

"தனியாப் பார்க்க உங்களிட்டை ஆக்கள் இருக்கினமோ?"

"இல்லை. அதுதானே சேர்ந்தவை."

"அப்ப நல்லதுதானே, அத்தான்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் விளக்கினேன், விளங்காததை விளக்குவது எனக்குப் பிரஷருக்கு முன்பே வந்த வருத்தம். ஐரோப்பாவிலும் ஒரு நாடு பார்த்த மருந்தை மற்ற நாடு ஏற்கும் என்று தொடங்கி, ஆர் பார்த்தது ஆர் ஏற்றது என்று நடுவில் நானே தொலைந்துபோனேன். தப்பிக்க என் பிரஷர் குளிசையின் நீலப் பெட்டியை எடுத்து வந்தேன். இங்கே அப்போதெக் என்ற மருந்துக்கடையில் எந்தக் கம்பனியுடையது மலிவோ அந்தப் பெட்டியைத்தான் நீட்டுவார்கள். பெட்டி மாறினால் எனக்கு நெஞ்சு படபடக்கும். நீலப் பெட்டி இல்லாவிட்டால் போடவே மாட்டேன் என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"இதுதான் ஒரிஜினல்" என்றேன்.

"அட்டையை இழுத்துக் காட்டும், பார்ப்பம்."

இழுத்தேன். அத்தான் தன் அட்டையைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தார். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே கம்பனி.

மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "மாரி தொடக்கம் உந்த மலிவுக் குளிசையைத்தான் போடுறியள்" என்றாள், திரும்பாமலே. "நான்தான் பழைய பெட்டிக்குள்ளை வைக்கிறனான். பிரஷர் நல்லாயிருக்கு எண்டு டொக்டர் சொல்ல, நீங்களும் சில்க்போர்க் டவுன் வரைக்கும் சொல்லித் திரிஞ்சியள்."

அங்கே அக்கா தண்ணீரோடு வந்து நின்றாள். அத்தான் குளிசையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பெட்டியை அனுப்பிவிடும். வெறும் பெட்டி காணும். அது வருமட்டும் இப்பிடியே போடுறன்." விழுங்கினார்.

நான் கடித உறை தேடத் தொடங்கினேன்.

"பெட்டியை அனுப்பிப்போட்டு" என்றாள் மனைவி, "நீங்கள் எதுக்குள்ளை இருந்து எடுத்துப் போடப் போறியள்?"